அந்தத் தாளை ஒளிக்க வேண்டாம் – கடிதம்

அன்புள்ள சார்,

42 வயதில் உங்களுக்கு ஆஸ்பெர்கர், அதாவது ஆட்டிசத்தின் ஒரு வகை, இருப்பது தெரியவந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை, யாரோ ஒருவருடைய கதை என்று நினைத்துத்தான் படிக்கத் தொடங்கினேன். விருந்தினர் வந்து போன மறுநாள் முழுக்கப் பேச்சே வராது என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அப்புறம் மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

எனக்கு 38 வயது. வேலைக்குப் போகிறேன், திருமணமாகி ஒரு மகள் இருக்கிறாள். யாருக்காவது போன் செய்ய வேண்டுமென்றால், பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வேன். "வணக்கம், நான் இன்னார் பேசுகிறேன்" என்பது உட்பட. அவர்கள் இப்படிச் சொன்னால் இது, அப்படிச் சொன்னால் அது என்று கிளை கிளையாகவும் போட்டிருப்பேன். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று கல்யாணமாகும் வரை நம்பியிருந்தேன். கணவர் ஒருநாள் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தார். அதிலிருந்து ஒளித்துவைத்து எழுதுகிறேன்.

போன வாரம் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் வந்து நின்று, "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். "எதை?" என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. பார்க்க வந்தது என்னைத்தான் என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அப்புறம் தூக்கமே வரவில்லை.

தோழியிடம் மட்டும் சொன்னேன். "உன்னைப் பாத்தா அப்படித் தெரியலையே, நல்லாத்தானே பேசுற?" என்றாள். அன்று முதல் ஒரே குற்ற உணர்ச்சி. என் முன்கோபத்துக்கும் ஒட்டாமைக்கும் ஒரு மருத்துவப் பெயரைச் சாக்காகத் தேடுகிறேனா? இந்த வயதில் போய்ப் பார்த்து என்ன ஆகப்போகிறது? ஆஸ்பெர்கர் என்று ஒன்று இப்போது கிடையவே கிடையாது என்கிறார்களே, அது நிஜமா?

ம.
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் முதலெழுத்து மட்டும்.)

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது அந்த "எதை?" தான். நானும் அதையேதான் கேட்டிருப்பேன். நம்மைப் போன்றவர்களுக்குத் தமிழில் "சும்மா" அளவுக்குச் சிரமம் கொடுக்கும் சொல் வேறு கிடையாது. சும்மா வந்தேன், சும்மா கேட்டேன், சும்மா சொன்னேன். மூன்றுக்கும் பொருள் வேறு, மூன்றில் ஒன்றுகூட சும்மா இல்லை. போனில் "அப்புறம்?" என்கிறார்களே, அது பேச்சைத் தொடரச் சொல்வதா, முடிக்கச் சொல்வதா என்று எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது. மற்றவர்களுக்குக் குரலிலேயே தெரிந்துவிடுகிறதாம்.

உங்கள் தோழி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பார்த்தால் தெரிவது பேச்சு மட்டும்தான், அந்தப் பேச்சுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு போகிறது என்பது வெளியே தெரியாது. என்னை மதிப்பீடு செய்த மனநல நிபுணரிடம் நானே ஒருமுறை பெருமையாகச் சொன்னேன், கூட்டங்களில் எனக்குப் பேச்சு நன்றாக வரும் என்று. அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, "பேசி முடித்த அன்று சாயங்காலம் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. விளக்கை அணைப்பேன், சத்தம் தாங்காது என்று மின்விசிறியையும் அணைப்பேன், வெறுந்தரையில் படுத்துக்கிடப்பேன் என்றேன். எவ்வளவு நேரம் என்றார். சில நாள் விடியும் வரை என்று சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன், என்னால் எது முடியவில்லை என்று தேடிப் பார்க்காதீர்கள். உங்களால் எல்லாம் முடிகிறது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவாகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிட போனுக்கு அரைமணி நேர எழுத்து, ஒரு "சும்மா"வுக்கு ஒரு ராத்திரித் தூக்கம். ஆய்வாளர்கள் இதை மாஸ்க்கிங் என்கிறார்கள், முகமூடி போட்டுக்கொள்வது. பெண்கள் பலருக்கு ஆட்டிசம் காலம் கடந்து தெரியவருவதற்கு அதுவும் ஒரு காரணம். சுற்றியிருக்கும் பெண்களைக் கவனித்து, அவர்கள் சிரிக்கும் இடத்தில் சிரித்து, யாருக்கும் சந்தேகம் வராமல் வளர்ந்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் இதை விவரித்தவர்களும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைத்தான் பார்த்தார்கள். 1944இல் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் தன் கட்டுரையில் விரிவாக எழுதிய நான்கு குழந்தைகளுமே சிறுவர்கள். அந்தச் சித்திரத்தில் உங்களைத் தேடினால் எப்படிக் கிடைப்பீர்கள்?

சாக்குத் தேடுகிறேனா என்று கேட்டிருந்தீர்கள். 42 வயது வரை எனக்கு மட்டும் பெயர் இல்லாமலா இருந்தது? முசுடு, தலைக்கனம் பிடித்தவன், கல்நெஞ்சன். உங்களுக்கும் இப்படி நாலைந்து வைத்திருப்பார்கள். அதையெல்லாம் வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டுதானே இருந்தோம்.

அந்தக் கல்நெஞ்சன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். என் அக்காவின் கணவர் ஆஸ்பத்திரியில் இறந்த அன்று, எல்லோரும் அக்காவைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் இன்னொரு அறையில் ஆஸ்பத்திரி ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்து, கோப்பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ரசீதில் தேதி அழிந்திருந்தது. அது எந்த நாளுடையது என்று கண்டுபிடிக்கும் வரை என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. எனக்குத் துக்கம் இல்லை என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள், அக்காவும்தான். எனக்கு இருந்த துக்கம் முழுக்க அந்தக் காகிதங்களில்தான் இருந்தது. ஒன்பது வருடம் கழித்து, மதிப்பீடு முடிந்தபின், அக்காவிடம் போய் அதைச் சொன்னேன். சொன்ன கையோடு மன்னிப்பும் கேட்டேன். ஏனென்றால் அன்று அவருக்கு வேண்டியிருந்தது பக்கத்தில் ஓர் ஆள். காரணம் தெரிந்துவிட்டதால் அந்த வெறுமை இல்லையென்று ஆகிவிடாது. "அப்பவே சொல்லியிருக்கலாமேடா" என்றார். அப்போது எனக்கே தெரியாதே அக்கா என்றேன். சாக்குத் தேடுகிறவர் மன்னிப்புக் கேட்கப் போகமாட்டார். நீங்கள் அந்தப் பக்கத்து மேசைக்காரரை நினைத்து ஒரு ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறீர்கள்.

டேமியன் மில்டன் என்று ஒரு பிரிட்டிஷ் சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் உள்ளவருக்குப் பிறர் மனம் புரியாது என்று ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள், மற்றவர்களுக்கும் ஆட்டிசம் உள்ளவரின் மனம் புரிவதில்லையே, புரியாமை இரு பக்கமும்தானே இருக்கிறது என்பது அவர் வாதம். உங்கள் கதையிலேயே பாருங்கள். அந்தப் பக்கத்து மேசைக்காரருக்கும்தான் உங்களைப் புரியவில்லை. ஆனால் படுக்கையில் புரண்டு யோசித்தது நீங்கள் மட்டும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். ஆஸ்பெர்கர் பெயரைப் பரவலாக்கியவர் லோர்னா விங், 1981இல். ஆட்டிசம் உள்ள ஒரு மகளுக்குத் தாயான மனநல மருத்துவர் அவர். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அது தனிப் பெயராக இடம்பிடித்தது. 2013இல் வந்த அடுத்த பதிப்பில் எடுத்துவிட்டார்கள், ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற ஒரே குடைக்குள் போய்விட்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலிலும் அப்படியே. போனது பெயர் மட்டும்தான், அந்த வகை மனிதர்கள் எங்கும் போய்விடவில்லை. 2018இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் வெளியிட்ட ஆவணங்கள் அந்தப் பெயரைக் கைவிட வேறொரு காரணத்தையும் கொடுத்தன. நாஜிகள் ஆண்ட வியன்னாவில் ஏறக்குறைய 800 குழந்தைகள் இறந்துபோன, ஊனமுற்ற குழந்தைகளைக் கொல்லப் பயன்பட்ட ஷ்பீகல்குருண்ட் நிலையத்துக்கு ஆஸ்பெர்கரும் குழந்தைகளை அனுப்பியிருக்கிறார். அதைப் படித்த பிறகு அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. என் அறிக்கையில் அச்சாகியிருந்தது அந்தச் சொல் என்பதால் கட்டுரையில் பயன்படுத்தினேன். இப்போது ஆட்டிசம் என்றே சொல்கிறேன்.

போய்ப் பார்க்கலாமா என்றால், போங்கள். என் கட்டுரையில் உங்களைக் கண்டது பொய்யல்ல, ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடவும் வேண்டாம். சமூகப் பதற்றம், கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் ஏ.டி.ஹெச்.டி., சிறுவயதில் பட்ட காயங்கள் என்று வெளியே இதைப் போலவே தெரியக்கூடியவை பல. சிலருக்கு ஆட்டிசமும் இவற்றில் ஒன்றும் சேர்ந்தே இருக்கும். கேம்பிரிட்ஜில் 2001இல் உருவாக்கிய 50 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு, 32 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு மதிப்பீட்டுக்குப் போங்கள் என்பார்கள். அது வெறும் சல்லடைதான், தீர்ப்பு இல்லை. ரத்தத்திலோ ஸ்கேனிலோ இது தெரியாது. அனுபவமுள்ள ஒருவர் உட்கார்ந்து உங்கள் பிள்ளைப் பருவத்திலிருந்து கேட்பார். முடிந்தால் அம்மாவை அழைத்துப் போங்கள். மற்ற பிள்ளைகளோடு விளையாடுவானா என்று கேட்டதற்கு என் அம்மா, "விளையாடுவான், யாராவது விதியை மாத்தினா மொதல்லேருந்து ஆடச் சொல்லி அழுவான்" என்றார். நிபுணர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

இதற்கு மருந்து கிடையாது. ஆனால் எனக்கு நிறைய மாறியது. போனுக்குப் பதில் செய்தி அனுப்பச் சொல்ல முடிகிறது. விசேஷங்களுக்குப் போகும்போதே எத்தனை மணிக்குக் கிளம்புவேன் என்று சொல்லிவிடுகிறேன். புரியவில்லை, நேராகச் சொல்லுங்கள் என்று கேட்கக் கூச்சமில்லை.

அந்தத் தாள்களை இனி ஒளிக்க வேண்டாம். கிளை போட்டவை இரண்டு மூன்றைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், மதிப்பீடு செய்பவரிடம் காட்டுங்கள். நேரம் கேட்டு போன் செய்யவே ஒரு தாள் வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அன்று எழுதிவைத்திருந்ததைக் கீழே தருகிறேன்.

"வணக்கம். பெரியவர்களுக்கு ஆட்டிசம் மதிப்பீடு செய்கிறீர்களா?"

ஆம் என்றால்: "எத்தனை முறை வர வேண்டியிருக்கும்? பழைய பள்ளி அறிக்கைகளைக் கொண்டுவரட்டுமா?"

இல்லை என்றால்: "யார் செய்வார்கள் என்று சொல்ல முடியுமா?"

யாருக்கு என்று கேட்டால்: "எனக்குத்தான்."

அன்புடன்.