குழந்தைக்குக் கண்புரை: ஐந்து வயது வரை பொறுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. குழந்தையின் இடது கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரிகிறது. புரை என்றும் உடனே அறுவைச் சிகிச்சை வேண்டும் என்றும் மருத்துவர் சொல்கிறார். பச்சை உடம்புக்கு மயக்க மருந்து கொடுக்க அஞ்சுகிறோம். ஐந்து வயதுக்குப் பிறகு செய்யலாமா?
- ஒரு பாட்டி, காசிமேடு

பதில்: பொறுக்கக் கூடாது, அம்மா. பெரியவர்களுக்குப் புரையைத் தாமதமாக எடுத்தாலும் பார்வை திரும்பக் காரணம், அவர்களுடைய மூளை முன்பே பார்க்கப் பழகியிருப்பதுதான். தங்கள் பேத்தியின் மூளை இப்போதுதான் பழகுகிறது. இடது கண்ணிலிருந்து தெளிவான உருவம் வராவிட்டால் அது வலது கண்ணை மட்டுமே நம்பிப் பழகிவிடும், பிறகு புரையை எடுத்தாலும் அந்தப் பார்வை முழுமையாக வராது. எனவேதான் ஒற்றைக் கண்ணில் பிறவியிலேயே அடர்ந்த புரை இருந்தால் பிறந்து ஏறக்குறைய 6 வாரத்துக்குள் எடுத்துவிட விரும்புகிறோம்.

மயக்க மருந்து குறித்த தங்கள் அச்சம் நியாயமானதே. ஆயினும் பச்சிளங்குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவர் உள்ள இடத்தில் அது பாதுகாப்பாகவே நடக்கிறது. ஸ்டான்லி மருத்துவமனையிலோ, 1819ஆம் ஆண்டு முதல் இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலோ இந்த வாரமே காட்டுங்கள். கண்ணுக்குள் கட்டி இருந்தாலும் இப்படி வெள்ளையாகத் தெரியலாம் என்பதால் முதலில் ஸ்கேன் எடுப்பார்கள்.

அறுவைச் சிகிச்சையில், புரையால் மங்கிய கண்ணின் மென்மையான லென்ஸைச் சிறு துளை வழியே உறிஞ்சி எடுத்து, அதன் பின்புறச் சவ்வு மீண்டும் மங்கிவிடாதிருக்க அதிலும் ஒரு திறப்பு செய்வார்கள். கண் வேகமாக வளரும் வயது என்பதால் செயற்கை லென்ஸைப் பெரும்பாலும் இப்போது பொருத்துவதில்லை. கான்டாக்ட் லென்ஸோ தடித்த கண்ணாடியோ தருவார்கள்.

உண்மையான உழைப்பு அதன் பிறகுதான். நன்றாக உள்ள வலது கண்ணை நாள்தோறும் ஒட்டு போட்டு மூடி வைக்க வேண்டும். குழந்தைக்கு எத்தனை மாத வயதோ, நாளுக்கு அத்தனை மணி நேரம் என்று தொடங்குவது வழக்கம். நம் வடசென்னை வெயிலில் வியர்த்து ஒட்டு கழன்றுவிடும், தோல் சிவக்கும், குழந்தை வீறிட்டு அழும். மகள் மனம் தளரும் அந்த நேரத்தில் குழந்தையைத் தாங்கள் வாங்கிக்கொண்டு, கிலுகிலுப்பை காட்டி நேரத்தைக் கடத்துங்கள். கண்ணில் நீர் வடிந்தாலோ, வெளிச்சத்துக்குக் கூசினாலோ, கருவிழி பெரிதானதுபோலத் தோன்றினாலோ கண் அழுத்தம் கூடியிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். இந்த அழுத்தம் பல ஆண்டுகள் கழித்தும் வரக்கூடும் என்பதால், பார்வை நன்றாக இருந்தாலும் பரிசோதனையை நிறுத்தாதீர்கள்.