நாட்ஹோல் பாஸ், தகர பட்டன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஏலத்தில் 'நாட்ஹோல் கேங்' என்று அச்சிட்ட அட்டைகள் அடிக்கடி வருகின்றன. அது எந்த பேஸ்பால் அணி?

அணி இல்லை, பொடியன்கள் கூட்டம். அந்தக் காலத்து அமெரிக்க மைதானங்களைச் சுற்றி மரப்பலகை வேலி இருக்கும். பலகையில் கணு உதிர்ந்த ஓட்டையில் கண்ணை வைத்து, காசில்லாத பிள்ளைகள் ஆட்டம் பார்ப்பார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. 1917-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக ஊர்க்காரர்களிடமே பங்கு விற்றார்கள். பங்கு வாங்கினால் ஒரு பையனுக்கு இலவச இடம் என்று ஆசை காட்டினார்கள். அதே ஆண்டு அணி நிர்வாகத்தின் தலைவராக வந்த பிராஞ்ச் ரிக்கி அந்த ஏற்பாட்டைப் பெரிதாக வளர்த்தார். பிறகு வேறு ஊர்களும் இதே பெயரை எடுத்துக்கொண்டன. அதனால் அட்டையில் ஊர்ப்பெயரைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

கேள்வி: புரூக்ளின் டாட்ஜர்ஸ் சிறுவர் மன்ற அட்டை ஒன்று கிடைக்கிறது. அசலா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் முகவரி. நியூயார்க்கின் புரூக்ளினில் ஆடிய டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி 1957 சீசன் முடிந்ததும் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பிவிட்டது. ஐந்து இலக்க ஜிப் கோடு, அதாவது அமெரிக்க பின்கோடு, வந்ததோ 1963-இல். புரூக்ளின் முகவரியோடு ஐந்து இலக்கம் இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். 1943-க்குப் பிறகான அசலில் ஊர்ப்பெயரை அடுத்து ஒன்றோ இரண்டோ இலக்கம்தான் இருக்கும்.

அடுத்து லென்ஸ். அசலில் எழுத்துகள் மை நிரம்பிக் கெட்டியாக இருக்கும். ஸ்கேன் செய்து அச்சடித்ததில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடையும். கள்ளநோட்டு பார்க்கும் யு.வி. டார்ச்சையும் சிலர் நம்புகிறார்கள். காகிதத்துக்கு வெண்மையூட்டும் ரசாயனம் பரவலானது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. எனவே 1920-களின் அட்டை நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். 1950-களின் அட்டை ஒளிர்ந்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

கேள்வி: நான் வாங்கிய பாஸில் பென்சிலால் ஒரு பையன் பெயர் எழுதியிருக்கிறது. அழித்தால் மதிப்பு கூடுமா?

தயவுசெய்து ரப்பரைக் கீழே வையுங்கள்! வீரர் படம் போட்ட அட்டைகளைச் சேர்க்கிறவர்கள் கசங்காத மூலைகளைத் தேடுவார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். பாஸ் என்பது பையன்கள் மைதானத்துக்குள் போகப் பயன்படுத்துவதற்காகக் கொடுத்தது. என்னிடம் உள்ள ஒன்றில் பெயர் கோணல்மாணலாகப் பென்சிலில், அதன் கீழே அம்மாவின் கையெழுத்து மையில். கால்சட்டைப் பையில் கிடந்து அட்டை தொடையின் வளைவுக்கே வளைந்திருக்கிறது. பள்ளிக்கு மட்டம் போடக்கூடாது, கெட்ட வார்த்தை பேசக்கூடாது என்று பின்புறம் நிபந்தனைகள். பெயர் எழுதாத புத்தம் புது பாஸ் வந்தால்தான் எனக்கு முதலில் சந்தேகம் வரும்.

செயின்ட் லூயிஸ் பாஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும்: அங்கே கார்டினல்ஸ் ஆடிய ஸ்போர்ட்ஸ்மன்ஸ் பார்க் மைதானத்தில் 1944 வரை கறுப்பின ரசிகர்களுக்கு ஒதுக்கிய பகுதி தனி.

கேள்வி: 'ஹாப்பி ஃபெல்டன்' என்று போட்ட பொருளும் இதே வகையா?

ஓரளவுக்கு. ஹாப்பி ஃபெல்டன் என்பவர் நடத்திய, 1950-இல் தொடங்கிய தொலைக்காட்சி நிகழ்ச்சி அது. டாட்ஜர்ஸ் தன் புரூக்ளின் மைதானமான எபெட்ஸ் ஃபீல்டில் ஆடும் நாட்களில், ஆட்டத்துக்கு முன் பையன்கள் ஒரு வீரரோடு பந்து பிடித்துக் காட்டுவார்கள். டிவி சாமான் சேர்ப்பவர்களும் போட்டிக்கு வருவதால் விலை ஏறும்.

கேள்வி: அழுக்கேறிய பழைய பட்டன் பேட்ஜை எப்படிச் சுத்தம் செய்வது?

தண்ணீர் மட்டும் வேண்டாம். பழைய பட்டனில் தகரத்தின் மேல் அச்சிட்ட காகிதம், அதன் மேல் மெல்லிய செல்லுலாய்ட், அந்தக் காலத்து ஒருவகை பிளாஸ்டிக். ஆரம்ப நாட்களில் நான் ஈரத்துணியால் ஒன்றைத் துடைத்து, பளபளக்கிறதே என்று பூரித்துப்போனேன். ஓரத்து வளையம் வழியாக ஈரம் உள்ளே இறங்கி, காகிதத்தில் டீக்கறை மாதிரி பழுப்பு படர்ந்தது. அதை எடுக்க வழியே கிடையாது. உலர்ந்த மென்துணி போதும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையிலும், காற்றுப் புகாத டப்பாவிலும் அடைக்காதீர்கள். பழைய செல்லுலாய்ட் சிதையும்போது அமில வாயு விடும், பக்கத்தில் உள்ளதையும் சேர்த்துக் கெடுக்கும். பின்னால் ஊசியில் உள்ள துருவை அப்படியே விட்டுவிடுங்கள்.