விசாவுக்கு ஒரு காப்பீடு, உடம்புக்கு ஒரு காப்பீடு

ஓய்வுக்காலத்தை வேறொரு நாட்டில் கழிக்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். கையில் பாலிசி இருந்தும் அது உதவாமல் போனவர்களின் கோப்புகள்தான் என்னை அதிகம் வருத்தின. விசா அதிகாரி கேட்டார் என்பதற்காக வாங்கியிருப்பார்கள். தங்கள் உடம்புக்கு அது என்ன செய்யும் என்று யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு 63 வயது, மனைவிக்கு 60. தாய்லாந்தில் குடியேறப் போகிறோம். ஒரு வகை விசாவுக்கு மருத்துவக் காப்பீடு தேவையே இல்லை என்கிறார் முகவர். உண்மையா?

உண்மைதான். அங்கே ஓய்வுபெற்றவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் வழிகள் இரண்டு. இரண்டுக்கும் 50 வயது நிறைந்திருக்க வேண்டும். வங்கியில் 8 லட்சம் பாட் இருப்போ, மாதம் 65,000 பாட் வருமானமோ காட்ட வேண்டும். ‘ஓ-ஏ’ விசாவைத் தூதரகத்தில் விண்ணப்பித்து வாங்கிக்கொண்டு போவீர்கள். அதற்குக் குறிப்பிட்ட அளவுக்குக் காப்பீடு கட்டாயம். ‘ஓ’ விசாவில் போய், அங்கேயே ஆண்டுதோறும் தங்கும் அனுமதியை நீட்டித்துக்கொள்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆனால் முகவர் சொல்லாத ஒன்று இருக்கிறது. காப்பீடு வாங்காத பலர், “வங்கியில்தான் 8 லட்சம் பாட் இருக்கிறதே, உடம்புக்கு ஏதாவது வந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம்” என்று நினைக்கிறார்கள். அந்தப் பணம் உங்கள் பெயரில் இருந்தாலும் உங்கள் விருப்பப்படி எடுக்கக்கூடியது அன்று. நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் இரண்டு மாதம், அனுமதி கிடைத்த பின் மூன்று மாதம் முழுத்தொகையும் கணக்கில் இருக்க வேண்டும். மற்ற மாதங்களிலும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும்போது அந்தப் பணத்தில் கைவைத்தால் சிகிச்சை நடக்கும், அனுமதி போய்விடும். விசாவுக்கான பணத்தையும் மருத்துவத்துக்கான பணத்தையும் தனித்தனியே எண்ணுங்கள். இரண்டாவது இல்லையென்றால், சட்டம் கேட்காவிட்டாலும் காப்பீடு வாங்குங்கள்.

நீட்டிப்பில் இருக்கும்போது ஒரு வாரம் ஊருக்குப் போவதானாலும், புறப்படும் முன் மறுநுழைவு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காமல் வெளியேறினால் நீட்டிப்பு அன்றே முடிந்துவிடும். தொடர்ந்து தங்குபவர்கள் 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிப்பதையும் மறக்கக் கூடாது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நலமாக இருக்கிறேன். விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட்டால் காப்பீடு கிடைக்காது, சொல்லாமல் விட்டுவிடுங்கள் என்று ஆலோசனை சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

சொல்லிவிடுங்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், சொல்லிவிடுங்கள்.

மறைத்த உண்மை எப்படி வெளியே வருகிறது தெரியுமா? நோயாளியே சொல்லித்தான் வருகிறது. நள்ளிரவில் நெஞ்சுவலியோடு போகிறீர்கள். “இதற்கு முன் இதயத்தில் ஏதாவது சிகிச்சை உண்டா?” என்று பணியிலிருக்கும் மருத்துவர் கேட்கிறார். உயிர்ப்பயத்தில் யாரும் பொய் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. “ஆறு ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட்” என்று அவர் எழுதிக்கொள்கிறார். பெரிய தொகைக் கோரிக்கை என்றால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதே அந்தக் குறிப்பைத்தான். அதை விண்ணப்பத்தோடு ஒப்பிடுவது என் வேலையாக இருந்தது. ஒரே மனிதர் ஒரு தாளில் ‘இல்லை’ என்றும் மறு தாளில் ‘ஆம்’ என்றும் சொல்லியிருப்பார். முழுப் பாலிசியையும் ரத்து செய்ய அந்த இரண்டு தாள்களே பல நிறுவனங்களுக்குப் போதும். அதன்பின் இதயத்துக்கு மட்டுமல்ல, கண்புரைக்கும்கூடக் காப்பீடு இருக்காது. அந்த மறுப்புக் கடிதங்களில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். வாசலில் காத்திருந்த மனைவிமார்களின் முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

பன்னாட்டு மருத்துவக் காப்பீட்டில் பொதுவாக இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் உங்கள் மருத்துவ வரலாறு முழுவதையும் முன்கூட்டியே ஆராய்ந்து, ‘இதைச் சேர்க்கிறோம், இதை விலக்குகிறோம், இதற்குக் கூடுதல் பிரீமியம்’ என்று எழுத்தில் தருவார்கள். மற்றதில் ஆரம்பத்தில் பெரிதாக எதுவும் கேட்க மாட்டார்கள். முன்பே இருந்த நோய், பாலிசி தொடங்கிய பின் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் அறிகுறியோ சிகிச்சையோ மருந்தோ ஆலோசனையோ இல்லாமல் கடந்தால்தான் அதைச் சேர்ப்பார்கள். கேட்க இது எளிதாகத் தெரியும். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் தினமும் மாத்திரை விழுங்குகிறார், ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறார். அவருக்கு அந்த இரண்டு ஆண்டுக் கணக்கு ஒருநாளும் நிறைவேறாது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இதே கதிதான். ஆகவே முதல் முறையையே கேளுங்கள். இதயம் விலக்கப்பட்டாலும், விலக்கப்பட்டிருக்கிறது என்பது இன்றே தெரிந்துவிடும். அதற்கேற்பப் பணம் ஒதுக்கலாம், நாட்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

நாட்டை மாற்றுவது என்று ஏன் சொல்கிறேன் என்றால், சில நாடுகளின் பொது மருத்துவத் திட்டம் பழைய நோயைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்குவதில்லை. பிரான்சில் சட்டப்படி நிலையாக வசிக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆனதும் பொதுக் காப்பீட்டில் சேர விண்ணப்பிக்கலாம். ஸ்பெயினில் ஓராண்டு பதிவுசெய்து வசித்த பின், ‘கோன்வேனியோ எஸ்பெசியால்’ என்ற திட்டத்தில் மாதக் கட்டணம் கட்டிப் பொது மருத்துவத்தில் சேரலாம். 65 வயதுக்குக் கீழே 60 யூரோ, அதற்கு மேல் 157 யூரோ. கடையில் வாங்கும் மருந்துக்கு மட்டும் சலுகை இல்லை. இடர்ப்பாடு அந்த முதல் ஆண்டில்தான் இருக்கிறது. வேலை செய்யாமல் வசிப்பதற்கான ஸ்பெயின் விசாவுக்குத் தனியார் காப்பீடு கட்டாயம். அதில் நோயாளி பங்குத் தொகை கட்டுவது என்பதே இருக்கக் கூடாது. ஸ்டென்ட் உள்ளவரைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனம் கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்து, கிடைத்த பிறகு வீட்டை விற்பதைப் பற்றி யோசியுங்கள்.

அமெரிக்காவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். 66 வயது. போர்ச்சுகலுக்குப் போகிறேன். முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் அங்கே செல்லாது என்பதால், மருத்துவர் கட்டணம் போன்றவற்றுக்கான அதன் ‘பார்ட் பி’ பிரிவுக்குக் கட்டுவதை நிறுத்திவிடலாமா?

மெடிகேர் பொதுவாக அமெரிக்காவுக்கு வெளியே பணம் தராது என்பது சரி. மருத்துவமனைச் செலவுக்கான ‘பார்ட் ஏ’ பெரும்பாலானோருக்குக் கட்டணமில்லாதது, அதைத் தொடாதீர்கள். ‘பார்ட் பி’யை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பி வந்தால், விட்டிருந்த ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் வீதம் கட்டணம் கூடும். ஐந்து ஆண்டு என்றால் 50 சதவீதம். அந்த உயர்வு ஒருமுறை கட்டும் அபராதம் அன்று; ‘பார்ட் பி’ இருக்கும்வரை மாதாமாதம் தொடரும். திரும்பி வந்த உடனே சேரவும் முடியாது. பொதுவாக ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை திறந்திருக்கும் காலத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், முதல் இரண்டு ஆண்டுகள் கட்டிக்கொண்டே இருங்கள். புதிய நாடு ஒத்துவருமா என்பது அதற்குள் தெரிந்துவிடும். எண்பது வயதில் பேரப்பிள்ளைகளுக்கு அருகில் இருக்கத் தோன்றலாம், துணையை இழந்த பின் அந்நிய மொழி பாரமாகலாம். திரும்பும் வழியைத் திறந்து வைப்பதற்கான செலவாக அதை எண்ணிக்கொள்ளுங்கள்.

ஓய்வூதியம் போன்ற சொந்த வருமானத்தில் வாழ வருபவர்களுக்கான போர்ச்சுகலின் ‘டி7’ விசாவுக்கு அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியமே வருமான அளவுகோல். 2025-இல் அது மாதம் 870 யூரோ. குடியிருப்பு அட்டை கிடைத்ததும் உள்ளூர் சுகாதார மையத்தில் பதிந்து பயனாளர் எண் வாங்குங்கள். அதுவரை தனியார் காப்பீடு வேண்டும்.

பயணக் காப்பீட்டையே திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டு ஐரோப்பாவில் காலம் தள்ள முடியுமா?

முடியாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசாவில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. அந்த விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ காப்பீடு அவசரத்துக்கானது. விமானத்தில் ஏற்றும் அளவுக்கு உங்களைத் தேற்றி ஊருக்கு அனுப்புவதோடு அதன் கடமை முடிந்துவிடும். புற்றுநோய்க்கு மாதக்கணக்கில் சிகிச்சை பார்க்க அது செய்யப்பட்டதில்லை.

மகள் கனடாவில் இருக்கிறாள். நானும் என் கணவரும், பெற்றோர் நீண்டநாள் தங்குவதற்கான சூப்பர் விசாவில் போகிறோம். ஆளுக்கு 1 லட்சம் கனடிய டாலருக்குக் காப்பீடு எடுத்துவிட்டோம். வேறு என்ன கவனிக்க வேண்டும்?

விசாவுக்கு அது போதும். 2022 ஜூலை முதல் ஒருமுறை நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். ஆனால் காப்பீடு ஓராண்டுக்குத்தான் கேட்கிறார்கள். இரண்டாம் ஆண்டு உங்கள் மகள் மறக்காமல் புதுப்பிக்க வேண்டும்.

பாலிசியில் ‘நிலையான உடல்நிலை’ என்ற சொல்லைத் தேடிப் படியுங்கள். முன்பே உள்ள நோய் பாலிசி தொடங்குவதற்கு முன் இத்தனை நாள் மாற்றமின்றி இருந்தால்தான் ஏற்போம் என்று இருக்கும். 90 நாள், 180 நாள் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மருந்தின் அளவைக் கூட்டினாலும் அது மாற்றம்தான். பல பாலிசிகளில் குறைத்தாலும் மாற்றம்தான். நீண்ட பயணம் என்று புறப்படும் முன் முழுப் பரிசோதனைக்குப் போவார்கள், மருத்துவர் நல்லெண்ணத்தோடு கொதிப்பு மாத்திரையை மாற்றி எழுதுவார், அந்தக் கணமே அந்த நோய் காப்பீட்டிலிருந்து நழுவிவிடும். பரிசோதனையை ஏழெட்டு மாதம் முன்னதாகவே செய்துகொள்ளுங்கள். கடைசி நேரத்தில் மருந்தை மாற்றுவது உடம்புக்குத் தேவையென்றால் தயங்காமல் மாற்றுங்கள். பயணத் தேதியைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம்.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு போகலாமா?

போகும் நாட்டின் விதியைப் பார்க்காமல் போகாதீர்கள். ஜப்பானில் முன் அனுமதி இல்லாமல் ஒரு மாதத்துக்கான மருந்துதான் கொண்டுபோகலாம். சளி மாத்திரைகளில் சாதாரணமாகக் கலந்திருக்கும் சூடோஎபெட்ரின் 10 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே தடை. ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் ட்ரமடால், கோடீன் போன்ற வலிநிவாரணிகளைக் கொண்டுபோக முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். மருத்துவர் சீட்டில் வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்குங்கள். மூலப்பெயரிலும் இரட்டைப் பெயர்கள் உண்டு: பாராசிட்டமால் அமெரிக்காவில் அசெட்டமினோஃபென், சால்புட்டமால் அங்கே ஆல்புட்டரால். இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கி, விசா, காப்பீடு எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன். மனைவிக்கு 71 வயது, இவை எதுவும் தெரியாது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

இந்தக் கேள்வியை நீங்களே எழுப்பியதற்கு முதலில் என் நன்றி.

பல நாடுகளில் துணைவரின் விசா உங்கள் விசாவைச் சார்ந்தே நிற்கும். உங்களுக்குப் பின் அவர் தனியாகத் தங்க முடியுமா, எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று குடிவரவு அலுவலகத்தில் இப்போதே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். விசாவுக்கான வங்கிக் கணக்கு உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், நீதிமன்ற உத்தரவு வரும்வரை அது முடங்கிக் கிடக்கக்கூடும். வீட்டுச் செலவுக்கு மனைவி பெயரில் தனிக் கணக்கு இருக்கட்டும்.

நீங்கள் நினைவிழந்தால் சிகிச்சையை யார் முடிவுசெய்வது என்பதை அந்த நாட்டுச் சட்டப்படி, அந்த நாட்டு மொழியில் பதிவுசெய்யுங்கள். திருமணச் சான்றிதழுக்கு, வெளிநாட்டில் ஏற்கும்படி அரசு இடும் அப்போஸ்டில் முத்திரையும் மொழிபெயர்ப்பும் வாங்கி வையுங்கள். மருத்துவமனையில் மனைவி என்று நிரூபிக்கவே அவர் திண்டாடக் கூடாது.

பாலிசியில் இரண்டு பிரிவுகளை மனைவியோடு உட்கார்ந்து படியுங்கள். அவசரமாக வேறிடம் கொண்டுபோகும் வசதியில், எங்கே என்பதை நிறுவனத்தின் மருத்துவர் முடிவுசெய்வார்; பெரும்பாலும் அருகில் உள்ள தகுந்த மருத்துவமனைக்கே, சொந்த நாட்டுக்கு அல்ல. உடலைச் சொந்த நாட்டுக்கு அனுப்பும் செலவு தனிப் பிரிவு. அது இருக்கிறதா, எவ்வளவு வரை என்று பாருங்கள். பிறகு நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணை மனைவியின் கைப்பேசியில் அவரையே பதியச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே ஒருமுறை அவரைப் பேசவையுங்கள். பாலிசி எண் என்ன என்று கேட்பார்கள். அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாவிட்டால், இன்றைக்கே காட்டிவிடலாம்.