வீடியோவில் மிதக்கும் நோட்டு உங்கள் கையில் மிதக்குமா?

கேள்வி: பிறந்தநாள் விழாக்களில் மேஜிக் செய்கிறேன். பார்வையாளரிடம் வாங்கிய ரூபாய் நோட்டு காற்றில் மிதக்கும் புது ட்ரிக் ஒன்றின் விளம்பர வீடியோ பார்த்தேன். அசந்துபோனேன். விலைதான் அதிகம். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அதே வீடியோவை இசையை நிறுத்திவிட்டு இன்னொரு முறை பாருங்கள். நோட்டு மிதக்கத் தொடங்கும் நொடியிலும் கைக்குத் திரும்பும் நொடியிலும் காட்சி வெட்டப்படுகிறதா? பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான் கத்தரி விழும். உங்களுக்குக் கஷ்டமான வேலையும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, வீடியோவில் செய்து காட்டுபவர் போட்டிருக்கும் சட்டை. கறுப்பாக இருக்கும், பின்னால் சுவரும் இருட்டாக இருக்கும். இந்த வகை ட்ரிக் அநேகமாக மெல்லிய நூலில்தான் ஓடுகிறது. தலைமுடியைவிட மெல்லிய அந்த இழை வீடியோவில் பதிவாவதே கஷ்டம், நேரில் பார்க்கிற கண்ணுக்குச் சிக்கிவிடும். உங்கள் பின்னால் ஒரு ஜன்னல் திறந்திருந்தால் போதும், வெயில் பட்டு இழை மின்னும். மின்விசிறி சுற்றினால் நோட்டு ஆடும். நீங்கள் மேஜிக் செய்வது குழந்தைகள் நடுவில். எழுந்து வந்து நோட்டுக்கு மேலே கையை வீசிப் பார்க்காத குழந்தை உண்டா? நூல் அறுந்தால் ட்ரிக் அங்கேயே முடிந்தது.

அப்புறம் ரீசெட், அதாவது மறுபடி செய்யத் தயாராகும் நேரம். மேஜை மேஜையாகப் போய்ச் செய்பவருக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. இதில் ஒரு விலக்கு உண்டு. மேடையில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி, அதிலும் இதுதான் முதல் ஐட்டம் என்றால், தயாராக அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. ஆனால் முதல் ஐட்டமாகவே இருக்க வேண்டும். நடுவில் வைத்தால் அதுவரை நூலைக் கட்டிக்கொண்டே மற்ற ட்ரிக்குகளைச் செய்ய வேண்டியிருக்கும். அதே மாலை இன்னொரு நிகழ்ச்சி இருந்தாலும் இந்த விலக்கு செல்லாது. பிறந்தநாள் விழாவுக்கு இது பொருந்தவே பொருந்தாது.

விமர்சன வீடியோக்களை நம்பி வாங்காதீர்கள். இலவசமாக வந்த ப்ராப்பை, அதாவது ட்ரிக்குக்கான பொருளை, கையில் வைத்துக்கொண்டு, கீழே கமிஷன் லிங்க்கும் கொடுத்துவிட்டுப் பாராட்டுபவர்கள் இருக்கிறார்கள். பிரித்துப் பார்த்து ஏமாந்த பிறகு, "ரகசியம் தெரிந்துவிட்டது, பணம் திரும்பாது" என்பார் கடைக்காரர். இது எனக்கு ஆத்திரமூட்டும் வழக்கம். ட்ரிக்கைக் கண்டுபிடித்தவருக்கும் பாதுகாப்பு இல்லை. பதிப்புரிமை ரகசியத்தைக் காக்காது. காப்புரிமை (பேடன்ட்) கேட்டால் ரகசியத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2014-இல் டெல்லர் என்ற மேஜிக் கலைஞர், ரோஜாவின் நிழலை வெட்டினால் நிஜப் பூவின் இதழ்கள் உதிரும் தன் வித்தைக்காக வழக்கில் வென்றார். ஆனால் நீதிமன்றம் காத்தது அதை ஒரு மௌன நாடகமாக, அதன் சூட்சுமத்தை அல்ல. அதனால்தான் மலிவு நகல்கள் குவிகின்றன, அசல்காரரும் நகல் வருவதற்குள் விற்றுவிடப் பரபரக்கிறார்.

விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: பக்கவாட்டில் ஆள் நின்றால் செய்யலாமா? ரீசெட் எவ்வளவு நேரம்? வெட்டில்லாத, கூட்டத்தின் முன் எடுத்த பதிவு இருக்கிறதா? மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

சரி, வாங்கியே விட்டீர்கள் என்றால், போனில் படம் எடுத்துப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். வீட்டில் ஒருவரை இடப்பக்கம் தரையில் உட்காரவைத்து, ஜன்னலைத் திறந்து செய்து காட்டுங்கள். நூல் தெரிகிறதா என்று கேட்காதீர்கள், தேட ஆரம்பித்துவிடுவார். என்ன பார்த்தாய் என்று மட்டும் கேளுங்கள்.