ரூபா வெள்ளைக்காரன் வைத்த பெயரா?

கேள்வி: ரூபா என்பது வெள்ளைக்காரன் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன பெயர். அதைத் தூக்கியெறிந்துவிட்டுச் சுதேசிப் பெயர் ஒன்றைச் சூட்டினால் எங்கள் நாணயத்தின் பெறுமதி உயராதா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: வெள்ளைக்காரன் மேல் ஆயிரம் குற்றம் சுமத்துங்கள், கேட்டுக்கொள்கிறேன். இது மட்டும் அவன் கணக்கில் வராது. அவன் இந்தப் பக்கம் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, முத்திரை குத்திய காசை ‘ரூப்ய’ என்று சொல்ல இலக்கண விதி எழுதி வைத்துவிட்டார் சமஸ்கிருத இலக்கணகாரர் பாணினி. அர்த்தசாஸ்திரத்தில் நாணயத்தைப் பரிசோதிக்கும் அதிகாரிக்குப் பெயரே ரூபதர்சகன். உருவம் என்று பொருள்படும் ‘ரூப’ தான் வேர். காசு வெள்ளியில் அடிக்கப்பட்டதால் வெள்ளிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வங்காளிக்கு இன்றைக்கும் ரூபா என்றால் வெள்ளிதான்; நகைக்கடையில் ரூபா வாங்கிவிட்டு ‘டாகா’ என்ற நாணயத்தில் பணம் கொடுப்பான்!

1540 முதல் 1545 வரை டில்லியை ஆண்ட ஷெர்ஷா சூரி, ஏறத்தாழ பதினொன்றரை கிராம் எடையில் வெளியிட்ட வெள்ளி ‘ரூபியா’வே பெயரை நிலைநிறுத்தியது. முகலாயரும் பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியும் அதைத் தொடர்ந்தார்கள்.

இங்கே இலங்கையில் பிரித்தானியர் முதலில் றிக்ஸ்டொலர் என்ற பழைய நாணயத்தில் கணக்கு வைத்தார்கள், பிறகு பவுண், ஷில்லிங். கோப்பித் தோட்டத்துக்கு ஆட்களும் அரிசியும் தென்னிந்தியாவிலிருந்து வந்தன. ரூபாவும் கூடவே வந்தது. 1872இல் 100 சதம் கொண்ட ரூபாவே நாட்டின் நாணயமாயிற்று. ஆக, அவன் புதிதாகச் சேர்த்தது சதக் கணக்கைத்தான். இந்தியா அணாவை விட்டு அதற்கு வந்ததே 1957இல்.

சுதேசிப் பெயருக்கு ‘சல்லி’யைப் பரிந்துரைக்கலாம். எங்கள் சல்லிக்காசு சிங்களத்துக்குப் போய், இன்று புறக்கோட்டையில் இரண்டு மொழிக்காரர் வாயிலும் புரள்கிறது. ஆனால் “சல்லிக்குப் பெறாது” என்ற வசைக்குச் சட்ட அந்தஸ்துக் கிடைத்துவிடுமே என்று யோசிக்கிறேன்.

பெறுமதிக்கு வருவோம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் இருநூறு ரூபா சொச்சம். மே மாதத்தில் முந்நூற்றறுபதை எட்டியது. இடையில் பெயரில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. கையிருப்பில் டொலர்தான் தீர்ந்துபோயிருந்தது. புதிய பெயர் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று பாராளுமன்றம் விவாதிக்கத் தொடங்கினால், அது முடிவதற்குள் டொலர் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டு எழுதுங்கள்.