ஒரு கோல் கூடுதல், நான்கு புள்ளி குறைவு

கேள்வி: 2023 செப்டம்பர் 30 அன்று மெல்பர்னில் நடந்த ஆஸ்திரேலியக் கால்பந்து இறுதிப் போட்டியில், 13 கோல் அடித்த எங்கள் பிரிஸ்பேன் லயன்ஸ், 12 கோல் அடித்த காலிங்வுட்டிடம் தோற்றது. இது நியாயமா?
– பிரிஸ்பேன் வாசகர்

பதில்: நானும் லயன்ஸ் ரசிகன்தான்; ஆயினும் நியாயமே என்பேன். இந்த ஆட்டத்தில் இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள் உண்டு. நடுவிலுள்ள உயரமான இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், அதற்கு 6 புள்ளிகள். பந்து அவற்றுக்கு வெளியே, ஆனால் வெளிக்கம்பங்களுக்குள் போனால் 'பிஹைண்ட்' என்று 1 புள்ளி. அப்படிக் காலிங்வுட் 18 சேர்த்தது, நாம் 8 மட்டுமே, முடிவு 90-86. குறி தவறியே வென்றுவிட்டார்கள் என்று நாம் முணுமுணுக்கலாம். ஆனால், தவறுவதற்கும் பந்து நம் எல்லைக்குள் அத்தனை முறை வந்தாக வேண்டுமே! நான்கு கோல் அடித்த பாபி ஹில்லை நம்மவர்களால் கட்டுப்படுத்தவே முடியவில்லை. கடைசிக் கால்பகுதியில் சார்லி கேமரனின் கோலால் முன்னிலை பெற்றும், டி கோயி, சைட்பாட்டம் இருவரும் அடுத்தடுத்து அடித்த கோல்களால் அதை இழந்தோம். ஜோ டேனிஹர் இடைவெளியை நான்காகக் குறைத்தபோது நாற்காலியை விட்டு எழுந்த நான், சைரன் ஒலித்து வெகுநேரமாகியும் உட்காரவில்லை.