தீபாராதனையின்போது கண்ணை மூடலாமா?

கேள்வி: கோயிலில் தீபாராதனை காட்டும்போது எனக்குத் தானாகவே கண் மூடிக்கொள்கிறது. “பார்த்துக் கும்பிடு” என்று மாமியார் கடிந்துகொள்கிறார். எது சரி? இன்னொன்று, வீட்டில் கற்பூரப் புகை மகனுக்கு ஒத்துக்கொள்வதில்லை. நெய் விளக்கு காட்டினால் போதுமா? - ஒரு வாசகி

பதில்: மாமியார் சொல்வதுதான் சரி அம்மா. 38 வருஷமாக அம்பாள் சன்னிதியில் பூஜை செய்கிறேன். திரையை விலக்கி மணியடித்ததும் எதிரே பாதிப் பேர் கண்ணை மூடிவிடுவார்கள். எனக்கு மனசு கஷ்டமாகிவிடும்.

கருவறைக்கு ஜன்னல் கிடையாது. அபிஷேகம், அலங்காரம் எல்லாம் முடித்து, பதினாறு உபசாரங்களில் ஒன்றாகத் தீபம் காட்டுகிறோம். அந்த வெளிச்சத்தில்தான் அவள் முழுசாகத் தெரிவாள். பாதத்தில் தொடங்கி மெதுவாக ஏற்றுவேன். கொலுசு தெரியும், புடவைக் கொசுவம் தெரியும், அப்புறம் அபய ஹஸ்தம். முகத்துக்கு நேரே வரும்போது மூக்குத்தியில் சுடர் பட்டுத் தெறிக்கும். அந்த இடத்தில் கை தானாக நின்றுவிடும். இத்தனை வருஷமாகியும் எனக்கு அது பழகவில்லை. அதைப் பார்க்காமல் கண்ணை மூடினால் எப்படி? தட்டு உங்களிடம் வந்து, சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது மூடிக்கொள்ளுங்கள். பார்த்தது உள்ளே நிற்கும்.

கற்பூரம் கட்டாயமே இல்லை. பெருமாள் கோயில்கள் பலவற்றில் கருவறைக்குள் நெய் தீபம்தான். இன்று கடையில் கிடைக்கும் கற்பூரம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்வது. குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள். தில்லையில் கணம்புல்ல நாயனார் நெய்க்கு வழியில்லாமல் புல்லையே எரித்தார். அதுவும் போதாதபோது தன் தலைமுடியையே திரியாக்கினார். சிவபெருமான் ஏற்றுக்கொள்ளவில்லையா?

பஞ்சுத்திரி ஒன்று, பசுநெய் கொஞ்சம், போதும். பாதத்திலிருந்து முகம்வரை வலமாக மூன்று முறை, அவசரப்படாமல் காட்டுங்கள். முடிந்ததும் வாயால் ஊதாதீர்கள். பூக்காம்பால் திரியை நெய்க்குள் இழுத்துவிட்டால் அடங்கிவிடும். நீங்கள் காட்டும்போது மணியை மகன் கையில் கொடுங்கள்.